கோட் 44: லீன் என்கிறது கம்ப்யூட்டர், பிளக்கில் படிவதோ கரி

கலிஃபோர்னியாவில் 1976 மாடலிலிருந்து, மிகப் புதிய வண்டிகளைத் தவிர, எந்த பெட்ரோல் கார் வைத்திருந்தாலும் பெரும்பாலான இடங்களில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புகைச் சோதனைக்குப் போயாக வேண்டும். என்னிடம் இருப்பது 1985 ஓல்ட்ஸ்மொபீல் கட்லஸ் சுப்ரீம். 5 லிட்டர் வி8, அந்த ஊர்க் கணக்கில் 307 கன அங்குலம். மேலே நான்கு பேரல் (காற்று இறங்கும் குழல்) கொண்ட குவாட்ராஜெட் கார்புரேட்டர், காற்றில் பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம். பழைய வண்டிதானே, கார்புரேட்டர்தானே என்று பானெட்டைத் திறந்தால் அதன் தலையில் ஒரு கனெக்டர் சொருகியிருக்கும். அந்த ஒயர் டாஷ்போர்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போகிறது. கார்புரேட்டருக்குக் கம்ப்யூட்டரா என்று நண்பர்கள் சிரிப்பார்கள். நம்மூர் மெக்கானிக்குகள் பெரும்பாலோர் சாதாரண கார்புரேட்டரிலிருந்து நேராக எம்பிஎஃப்ஐ-க்கு, அதாவது கம்ப்யூட்டர் சொல்படி பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷனுக்குத் தாவியவர்கள். நடுவில் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஓடிய இந்தப் பத்து வருடக் கலப்பினம் பலர் கண்ணில் பட்டிருக்காது.

வண்டி சோதனையில் தேறவில்லை. அதைவிட, அந்த ரிப்போர்ட்டில் இருந்த எண்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. கார்பன் மோனாக்சைடு வரம்பைத் தாண்டி எங்கேயோ இருந்தது, ஹைட்ரோகார்பனும் அப்படியே. நைட்ரிக் ஆக்சைடு மிகக் குறைவு. இந்த மூன்றையும் பார்த்தால் பெட்ரோல் அதிகம், அதாவது ரிச் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஆனால் அதே தாளில் ஆக்சிஜன் அளவும் அதிகம். ரிச்சாக எரியும் இன்ஜினில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கக் கூடாது. இருக்கிற பெட்ரோலுக்கே அது பற்றாதே. இரண்டும் சேர்ந்து வந்தால் ஏதாவது சிலிண்டர் சரியாக எரியாமல் விட வேண்டும், இல்லையென்றால் எரிந்து முடிந்த பிறகு எங்கிருந்தோ காற்று வந்து கலக்க வேண்டும்.

வண்டியோடு வந்த பில் கட்டில் முந்தைய ஓனர் செய்த செலவு முழுக்க இருந்தது. ஆக்சிஜன் சென்சார் மாற்றியிருக்கிறார்கள். கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் மாற்றியிருக்கிறார்கள். ‘கார்புரேட்டர் அட்ஜஸ்ட்மென்ட்’ என்று ஒரு வரி. ஸ்பார்க் பிளக் செட். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன்: எட்டிலும் ஒரே மாதிரி, விரலில் ஒட்டும் வறண்ட கரி. ஒரு சிலிண்டர் மட்டும் எரியாமல் விட்டிருந்தால் அந்த ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்திருக்கும். லிட்டருக்கு 7, 8 கிலோமீட்டர் தர வேண்டிய வண்டி 5-ஐத் தாண்டவில்லை.

அடுத்து கம்ப்யூட்டரிடம் கேட்டேன். இதற்கு ஸ்கேனர் தேவையில்லை. டாஷ்போர்டுக்குக் கீழே 12 துளை உள்ள ஒரு கனெக்டர் இருக்கும். அதில் ஏ, பி என்ற இரண்டு துளைகளை ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டுச் சாவியை ஆன் செய்தால் ‘செக் இன்ஜின்’ விளக்கு மின்னித் தன் குறையைச் சொல்லும். முதலில் ஒரு மின்னல், இடைவெளி, இரண்டு மின்னல்: அது 12, ‘நான் விழித்திருக்கிறேன்’ என்று அர்த்தம். மூன்று தடவை அதைச் சொன்ன பிறகு நான்கு மின்னல், இடைவெளி, நான்கு மின்னல். 44. எக்ஸாஸ்ட் லீனாக, அதாவது பெட்ரோல் குறைந்து காற்று மிஞ்சி, இருக்கிறது என்று கம்ப்யூட்டர் புகார் சொல்கிறது.

பிளக் ரிச் என்கிறது, கம்ப்யூட்டர் லீன் என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் முந்தைய மெக்கானிக் வழுக்கியிருக்கிறார். 44 வந்ததும் சென்சார் கெட்டுவிட்டது என்று மாற்றியிருக்கிறார். அப்புறமும் 44 வந்ததால் லீன்தான் போலிருக்கிறது என்று கார்புரேட்டர் ஸ்க்ரூக்களைத் திறந்து பெட்ரோலைக் கூட்டியிருக்கிறார்.

சென்சாருக்கு என்ன தெரியும்

பெட்ரோலை முழுக்க எரிக்க எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். 1970-ல் அமெரிக்காவில் வந்த சுத்தக் காற்றுச் சட்டத்தின் நெருக்கடி படிப்படியாக இறுகி, 1981 மாடல்களில் நைட்ரஜன் ஆக்சைடு மைலுக்கு 1 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்ற நிலைக்கு வந்தது. அதற்கு மூவழி கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்தான் வழி. அது கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் எரிக்க வேண்டும், அதே சமயம் நைட்ரிக் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கவும் வேண்டும். ஒன்றுக்கு ஆக்சிஜன் தேவை, மற்றதற்கு ஆக்சிஜன் இருக்கக் கூடாது. இரண்டும் ஒரே டப்பாவில் நடக்க வேண்டுமென்றால் கலவை 14.7-ஐ ஒட்டி மேலும் கீழும் சிறிதாக ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். வெயிலுக்கும் மலைக்கும் ஏற்ப மாறும் சாதாரண கார்புரேட்டரால் இந்தத் துல்லியம் முடியாது. எனவே எக்ஸாஸ்டில் ஒரு கண்காணிப்பாளரை வைத்தார்கள்: ஆக்சிஜன் சென்சார், இன்னொரு பெயர் லாம்டா சென்சார். போஷ் செய்த லாம்டா சென்சாரை முதலில் போட்டது வோல்வோ, கலிஃபோர்னியாவுக்கான 1977 மாடலில்; ஆனால் அது இன்ஜெக்‌ஷன் வண்டி. ஜெனரல் மோட்டார்ஸ் அதே யோசனையைக் கார்புரேட்டருக்குக் கொண்டுவந்து 1980-ல் கலிஃபோர்னியா வண்டிகளிலும் 1981-ல் கிட்டத்தட்ட எல்லா பெட்ரோல் கார்களிலும் போட்டது. என் 307 இன்ஜின் 1990 வரை பெரிய வேகன் வண்டிகளில் இந்தக் கார்புரேட்டரோடேயே விற்றது.

சென்சார் ஒரு சிர்கோனியா பீங்கான் குப்பி. வெளிப்பக்கம் புகை, உள்பக்கம் வெளிக்காற்று, இரண்டு பக்கமும் பிளாட்டினப் பூச்சு. 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் இரண்டு பக்க ஆக்சிஜன் வித்தியாசத்துக்கேற்ப மின்னழுத்தம் தரும். புகையில் ஆக்சிஜன் இல்லாவிட்டால் சுமார் 0.9 வோல்ட், இருந்தால் 0.1. நடுவில் படிப்படியாக ஏறாது, 14.7-ஐத் தாண்டும் இடத்தில் சட்டென்று குதிக்கும். குழம்பை வாயில் வைத்ததும் உப்பு கூடவா குறைவா என்று சொல்லும் நாக்கு, எத்தனை சிட்டிகை என்று சொல்லாது. இதுவும் அந்த ரகம். கம்ப்யூட்டர் 0.45 வோல்ட்டை நடுக்கோடாக வைத்துக்கொண்டு, மேலே போனால் ரிச், கீழே வந்தால் லீன் என்று எடுத்துக்கொள்கிறது.

சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதே இல்லை என்பதை இங்கே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அது பார்ப்பது ஆக்சிஜனை மட்டும். அந்த ஆக்சிஜன் சிலிண்டரில் மிச்சமானதா, விரிசல் வழியாக உறிஞ்சப்பட்டதா, பிளக் அடிக்காமல் எரியாமலே வந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. எல்லாமே அதற்கு ‘லீன்’தான்.

கம்ப்யூட்டர் பதிலுக்கு அசைப்பது கார்புரேட்டருக்குள் இருக்கும் மிக்ஸ்ச்சர் கன்ட்ரோல் சாலினாய்டை, அதாவது கரண்டில் மேலும் கீழும் அசையும் மின்காந்தத் தண்டை. அது வினாடிக்கு 10 தடவை அடிக்கும். கரண்ட் போகும்போது கீழே இறங்கி ஜெட்டுக்குப் போகும் பெட்ரோலைக் குறைக்கிறது, கூடவே ஐட்லிங் பாதையில் காற்றையும் விடுகிறது. கரண்ட் நின்றால் ஸ்ப்ரிங் மேலே தள்ளும், பெட்ரோல் கூடும். ஒவ்வொரு அடியிலும் எவ்வளவு நேரம் கீழே, எவ்வளவு நேரம் மேலே என்பதுதான் கம்ப்யூட்டரின் கையில் இருக்கும் ஒரே பிடி. அதுவும் முன் இரண்டு பேரல்களுக்கு மட்டும். காலை அழுத்தி மிதித்தால் பின் பேரல்கள் இரண்டும் தங்கள் பாட்டுக்குத் திறக்கும், கம்ப்யூட்டரும் சென்சாரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ரிச்சாக விட்டுவிடும்.

ட்வெல் மீட்டர்

இந்தப் பிடியை வெளியிலிருந்து பார்க்கத் தனிக் கருவி செய்யாமல், அப்போது எல்லா ஷெட்டிலும் இருந்த ட்வெல் மீட்டரையே பயன்படுத்தச் சொன்னார்கள். பாயின்ட் இக்னிஷன் காலத்தில் காண்டாக்ட் எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்று பார்க்கும் மீட்டர். கார்புரேட்டர் பக்கத்தில் எதிலும் சொருகாமல் தொங்கும் பச்சை கனெக்டரில் அதை மாட்டி, இன்ஜின் எத்தனை சிலிண்டராக இருந்தாலும் 6 சிலிண்டர் அளவையில் வைத்துப் படிக்க வேண்டும். 60 டிகிரி என்றால் சாலினாய்டு முழு நேரமும் கீழே. கம்ப்யூட்டர் 6-க்குக் கீழும் 54-க்கு மேலும் போகாது. ஆரோக்கியமான வண்டியில் முள் 30-ஐச் சுற்றி ஓயாமல் ஆடும்.

எண் ஏறினால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைக்கிறது, இறங்கினால் கூட்டுகிறது. அதாவது மீட்டர் இன்ஜினின் நிலையைக் காட்டவில்லை, கம்ப்யூட்டர் எடுத்த முடிவைக் காட்டுகிறது. முள் 8-ல் நின்றால் ‘இன்ஜின் ரிச்’ என்று அர்த்தமில்லை. ‘லீனாக இருக்கிறது என்று நம்பிக் கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கிறது’ என்று அர்த்தம். இதைத் தலைகீழாகப் படித்துவிட்டுக் கார்புரேட்டரைப் பிரிப்பவர்கள் நிறைய.

இன்ஜின் நன்றாகச் சூடேறியதும் என் வண்டியில் முள் கீழே இறங்கி 6, 7-ல் ஒட்டிக்கொண்டது. அசையவில்லை. சென்சார் ஒயரில் டிஜிட்டல் மீட்டர் வைத்தால் 0.1-க்கும் கீழே. பழைய முள் மீட்டரை இங்கே வைக்கக் கூடாது. சென்சார் தருவது மிகச் சிறிய கரண்ட், மீட்டரே அதைக் குடித்துவிடும்.

முதல் கேள்வி: கம்ப்யூட்டர் சொன்ன பேச்சைக் கேட்கிறதா? சென்சாரின் ஊதா ஒயரைக் கழற்றி, கம்ப்யூட்டர் பக்கம் போகும் முனையை ஒரு கையின் விரல்களால் பிடித்துக்கொண்டு, மறு கை விரலை பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் வைத்தேன். 12 வோல்ட் உடம்பு வழியாகப் போகும்போது கம்ப்யூட்டரைச் சென்று சேர்வது துளி அழுத்தம்தான், ஆனால் அது ‘ரிச்’ என்று நம்பப் போதும். நமக்கு எதுவும் உறைக்காது. முள் மெல்ல எழுந்து 20, 35, 50 என்று ஏறியது, இன்ஜின் சத்தமும் இளைத்தது. பாசிட்டிவிலிருந்து விரலை எடுத்து ஒயரை எர்த்தில் தொட வைத்ததும் மறுபடி சரிந்தது. கம்ப்யூட்டரும் சாலினாய்டும் ஒயரிங்கும் நல்ல நிலையில் இருக்கின்றன என்று ஒரே சோதனையில் தெரிந்துவிட்டது. எனக்கு இந்த வண்டியிலேயே பிடித்த சோதனை இதுதான். இன்றைய கார்களில் இப்படி நம் உடம்பையே ரெசிஸ்டராக வைத்து விளையாட முடியாது.

அடுத்து, சென்சார் பொய் சொல்கிறதா? கழற்றி வைஸில் பிடித்து, ஒயருக்கும் இரும்பு உடம்புக்கும் நடுவில் மீட்டர் வைத்து, புரொப்பேன் டார்ச்சின் சுவாலைக்குள் முனையைக் காட்டினேன். துளையிட்ட மூடி மங்கலான சிவப்புக்கு வந்ததும் 0.8 வோல்ட்டுக்கு மேல் போனது. சுவாலையை விலக்கியதும் சடாரென்று விழுந்தது. திரும்பக் காட்டினால் திரும்ப ஏறியது. நல்ல சென்சார். மாட்டும்போது மரையில் மட்டும் ஆன்ட்டி-சீஸ் (சூட்டில் இறுகிப் பிடிக்காமலிருக்கப் போடும் பசை) கொஞ்சம் தடவினேன், மூடியின் துளைகளில் படாமல். கேஸ்கெட்டுக்கு எடுத்ததற்கெல்லாம் சிலிக்கோன் பசை தடவுகிற பழக்கம் உள்ளவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: சாதாரண சிலிக்கோனின் ஆவி இன்ஜினுக்குள் போனால் எரிந்து சென்சாரில் வெள்ளையாகப் படிந்து அதைக் கொன்றுவிடும். பாக்கெட்டில் ‘சென்சாருக்குப் பாதுகாப்பானது’ என்று போட்டதையே வாங்குங்கள்.

சென்சாருக்கான எர்த் பழுப்பு ஒயர் இன்ஜினில் போல்ட் ஆகும் இடமும் துருவில்லாமல் இருந்தது. ஆக, எல்லோரும் உண்மை பேசுகிறார்கள். எக்ஸாஸ்டில் ஆக்சிஜன் நிஜமாகவே இருக்கிறது. அது எந்த வழியாக வருகிறது?

காற்று வந்த வழி

எக்ஸாஸ்ட் கசிவை முதலில் பார்த்தேன். வேக்யூம் கிளீனரை ஊதும் பக்கமாக மாற்றிச் சைலன்சர் குழாயில் செருகி, இன்ஜினிலிருந்து சென்சார் வரையுள்ள எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசிகிற இடத்தில் நுரை கிளம்பும். எங்கேயும் கிளம்பவில்லை.

மிச்சம் இருந்தது ஏர் பம்ப். இந்த வண்டிகளில் பெல்ட்டில் ஓடும் ஒரு காற்று பம்ப் உண்டு. ஸ்டார்ட் செய்ததும் குளிரில் ரிச்சாக எரியும்போது பம்ப் காற்றை எக்ஸாஸ்ட் போர்ட்டுகளுக்கே, அதாவது சிலிண்டரிலிருந்து புகை வெளியேறும் வாய்களுக்கே, அனுப்புவார்கள். மிச்சப் பெட்ரோல் அங்கேயே எரிந்து சென்சாரும் கன்வர்ட்டரும் சீக்கிரம் சூடாகும். சூடேறிக் கம்ப்யூட்டர் சென்சாரைக் கேட்க ஆரம்பித்ததும் ஒரு ஸ்விட்சிங் வால்வு காற்றைத் திருப்பி, சென்சாரைத் தாண்டி, கன்வர்ட்டரின் நடுவயிற்றுக்கு அனுப்ப வேண்டும். முன்பாதியில் நைட்ரிக் ஆக்சைடு உடையும், பின்பாதியில் அந்தக் காற்றைக்கொண்டு மிச்சம் எரியும். திருப்புவது நடக்கவில்லை என்றால் சென்சாரின் மூக்குக்கு முன்னாலேயே சுத்தக் காற்று வீசிக்கொண்டிருக்கும்.

வால்வின் சாலினாய்டில் டெஸ்ட் லைட் மாட்டிப் பார்த்தேன். குளிரில் எரிந்தது, சூடேறியதும் அணைந்தது. கம்ப்யூட்டர் சரியான நேரத்தில் உத்தரவு கொடுக்கிறது. போர்ட்டுகளுக்குப் போகும் ரப்பர் ஹோஸை செக் வால்விலிருந்து கழற்றினேன். சூடான இன்ஜினில் அந்த ஹோஸ் சும்மா இருக்க வேண்டும். உள்ளங்கையை வைத்தால் காற்று தெளிவாகத் தள்ளியது. செக் வால்வின் வாயிலிருந்தோ புகை துப்பியது. ஒருவழி வால்வு இருவழியாகிவிட்டிருந்தது.

ஹோஸை ஒரு ரப்பர் அடைப்பான் போட்டு கிளாம்ப் செய்தேன், செக் வால்வின் வாயையும் மூடினேன். ட்வெல் மீட்டரைப் பார்த்தபடி ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் பிடித்திருந்தேன். இதுவரை 6-ல் படுத்திருந்த முள் எழுந்தது. 15, 30. அங்கே நின்று ஆடும் என்று பார்த்தால் நிற்கவில்லை. நேராக 54-க்குப் போய் மேலே ஒட்டிக்கொண்டது. சென்சார் 0.85 வோல்ட்.

இப்போது சென்சாருக்கு நிஜ புகை தெரிகிறது, அந்தப் புகை அநியாயத்துக்கு ரிச். கம்ப்யூட்டர் தன்னால் முடிந்த மட்டும் குறைத்தும் அடங்கவில்லை. பில்லில் இருந்த அந்த ‘கார்புரேட்டர் அட்ஜஸ்ட்மென்ட்’ இப்போதுதான் தன் முகத்தைக் காட்டியது. காற்று வந்துகொண்டிருந்தவரை எவ்வளவு பெட்ரோல் கூட்டினாலும் சென்சார் லீன் என்றே சொல்லியிருக்கும்.

என் நண்பன் கோயம்புத்தூர்க்காரன், பழைய ஃபியட்டைத் தானே பிரித்து மாட்டியவன். போனில் கேட்டுவிட்டு, “அண்ணா, அந்தப் பம்பை கழட்டி வீசிட்டு ரெண்டு பக்கமும் அடச்சு விட்ருங்க, எதுக்கு இந்தத் தலவலி?” என்றான். நியாயமான யோசனைதான், வேறு ஊராக இருந்தால். கலிஃபோர்னியாச் சோதனையில் குழாயிலிருந்து வரும் புகையை அளப்பதோடு பானெட்டைத் திறந்து கம்பெனி போட்ட பாகமெல்லாம் அதே இடத்தில் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். பம்ப் இல்லையென்றால் புகை பன்னீராகவே வந்தாலும் தேறாது.

செக் வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தடையில்லாமல் போனது. உள்ளே தகடு துருப்பிடித்து விளிம்பு உதிர்ந்திருந்தது. அது போன பிறகு எக்ஸாஸ்டின் சூடு ஹோஸ் வழியாகப் பின்னோக்கி வந்து ஸ்விட்சிங் வால்வைத் தாக்கியிருக்கிறது. அந்த வால்வைப் பிரித்தபோது உட்காரும் ரப்பர் கல்லாகி, ஒரு பக்கம் கரி அப்பி, மூடினாலும் நகக்கண் அளவுக்கு இடைவெளி விட்டது. எனவே வால்வை மட்டும் மாற்றினால் போதாது. செக் வால்வும் சேர்ந்து போக வேண்டும், இல்லாவிட்டால் புது ரப்பரும் வெந்துவிடும். செக் வால்வு புதிதாகவே கிடைத்தது. ஸ்விட்சிங் வால்வு பழைய உதிரிபாகக் கிடங்கில், இதே குடும்பத்து ப்யூக் வண்டியில் இருந்தது. வாங்கும் முன் கை வாக்குவம் பம்பை அதன் டயாஃப்ரத்தில் (வால்வை அசைக்கும் சவ்வில்) மாட்டி, ஏற்றிய வாக்குவம் இறங்காமல் நிற்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொண்டேன். ஹோஸுக்கு ரேடியேட்டர் ஹோஸ் வெட்டிப் போடுவது வழக்கம். இந்தச் சூட்டுக்கு அது தாங்காது, எமிஷன் ஹோஸ் என்றே தனியாக விற்பதை வாங்க வேண்டும்.

கார்புரேட்டரைத் திரும்ப அதன் இடத்துக்கு

கம்பெனியில் இந்தக் கார்புரேட்டரின் ஐட்லிங் ஸ்க்ரூக்களை இரும்பு மூடி வைத்து அடைத்துத்தான் அனுப்புவார்கள், யாரும் கை வைக்காமலிருக்க. என்னுடையதில் இரண்டு மூடியும் துளைத்து எடுக்கப்பட்டிருந்தன. ஸ்க்ரூக்களை மெதுவாக உள்ளே திருகி எண்ணிப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு சுற்றில், மிகவும் திறந்து கிடந்தன. மேல் மூடியை எடுத்தால் சாலினாய்டின் ஸ்டாப் ஸ்க்ரூவும் நகர்த்தப்பட்டிருந்தது. காதால் கேட்டு டியூன் பண்ணுகிற கைகளுக்கு இந்தக் கார்புரேட்டர் சரிப்படாது. இதில் சாலினாய்டு எவ்வளவு கீழே போகலாம், எவ்வளவு மேலே வரலாம் என்பது அளவுகோல் வைத்து வைக்க வேண்டிய விஷயம். அந்த எல்லைக்குள்தான் கம்ப்யூட்டர் ஆட முடியும். எல்லையே தள்ளிப் போயிருந்தால் கம்ப்யூட்டர் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்.

1.304 அங்குல உயரமுள்ள ஒரு சின்ன கேஜ் இதற்கென்றே உண்டு. அதை உள்ளே நிறுத்தி, சாலினாய்டின் தண்டை விரலால் அழுத்திப் பிடித்து, தண்டு கேஜைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் இடத்துக்கு ஸ்க்ரூவைக் கொண்டுவந்தேன். இது லீன் எல்லை. மேலே உள்ள ரிச் ஸ்டாப்பைத் திருப்பித் தண்டின் மொத்த ஓட்டத்தை 3 மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக வைத்தேன். சாலினாய்டின் ரெசிஸ்டன்ஸ் 20 ஓமுக்கு மேல் காட்டியது, நல்லது. அது மிகவும் இறங்கினால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிரைவர் சில்லு வெந்துவிடும்.

மூடியைத் திறந்த கையோடு ஃப்ளோட்டையும் பார்த்தேன். இந்தக் கார்புரேட்டரில் ஃப்ளோட் பித்தளை இல்லை, கறுப்பு நுரைப் பொருள். வருடக்கணக்கில் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துவிடும், கனத்தால் மட்டம் ஏறி ரிச்சாகும். பழையதையும் புதியதையும் சமையலறைத் தராசில் வைத்தபோது பழையது கண்டிப்பாக அதிகம் காட்டியது. புதியதைப் போட்டேன்.

ஐட்லிங் ஸ்க்ரூக்களை லேசாக உட்கார வைத்து மூன்று சுற்று வெளியே எடுத்து ஆரம்பித்தேன். கடைசி அட்ஜஸ்ட்மென்ட் ஓடும் இன்ஜினில்தான். சக்கரத்துக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக், கியர் டிரைவில், சூடான இன்ஜின். மேலே ஐட்லிங் காற்று வால்வைத் துளித் துளியாகத் திருப்பியபடி ட்வெல் முள்ளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு திருப்பலுக்குப் பிறகும் கொஞ்சம் பொறுக்க வேண்டும், ஏனென்றால் புகை சென்சாரை அடைந்து கம்ப்யூட்டர் யோசித்து முள் நகர நேரம் ஆகும். அவசரப்பட்டால் முள்ளைத் துரத்திக்கொண்டே இருப்போம். கடைசியில் 25-க்கும் 35-க்கும் நடுவில் ஆடத் தொடங்கியது. சென்சார் மீட்டரில் 0.2, 0.7, 0.3, 0.8 என்று விடாமல் தாவியது. வண்டியின் சத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, மூக்குக்குத்தான் தெரிந்தது. ஷெட்டில் கண் எரியவில்லை.

ஆக்சிலரேட்டரை 3000 ஆர்பிஎம்மில் நிறுத்திச் செய்யும் முழுச் சோதனையும் ஒன்று உண்டு. சாலினாய்டு கனெக்டரைக் கழற்றி முழு ரிச் ஆக்கி, பச்சை கனெக்டரை எர்த் செய்து, சாலினாய்டைத் திரும்பச் சொருகி முழு லீன் ஆக்கினால் வேகம் கணிசமாக, சுமார் 300 ஆர்பிஎம் விழ வேண்டும். விழவில்லையென்றால் கார்புரேட்டருக்குள் எங்கோ பெட்ரோல் குறுக்கு வழியில் போகிறது. என்னுடையது தாராளமாக விழுந்தது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கம்ப்யூட்டர் நினைவிலிருந்த கோட் எண்ணை அழித்துவிட்டு ஓட்டினேன். 44 திரும்பவில்லை.

மறு சோதனை

கன்வர்ட்டர் பிழைக்கவில்லை. ரிச்சான புகையும் பம்ப் காற்றும் பல மாதம் ஒன்றாகப் போய் உள்ளேயே எரிந்திருக்கிறது. அந்தச் சூட்டில் அது வெந்து போயிருந்தது. அந்தப் பழைய ரிப்போர்ட்டில் கார்பன் மோனாக்சைடும் ஆக்சிஜனும் ஒன்றாக வெளியே வந்ததற்கு இதுதான் மீதிக் காரணம். கன்வர்ட்டர் உயிரோடு இருந்திருந்தால் இரண்டையும் சேர்த்து எரித்திருக்கும். கலிஃபோர்னியாவில் மாநிலம் அனுமதித்த எண் குத்தப்பட்ட கன்வர்ட்டர்தான் போடலாம், விலை வயிற்றெரிச்சல். முதலில் காற்றையும் கார்புரேட்டரையும் சரி செய்யாமல் இதை மாற்றியிருந்தால் புதியதும் அதே கதிதான்.

சோதனை நிலையத்தில் வரிசையில் காத்திருக்கும்போது ஒரு விஷயம். இந்தச் சென்சாருக்கு ஒற்றை ஒயர், உள்ளே ஹீட்டர் கிடையாது. புகையின் சூட்டில்தான் அது உயிர்வாழ்கிறது. நீண்ட நேரம் ஐட்லிங்கில் நின்றால் ஆறிப்போய்ப் பேசுவதை நிறுத்திவிடும், கம்ப்யூட்டரும் மனப்பாடக் கணக்கில் ஓட்ட ஆரம்பிக்கும். உள்ளே எடுக்கும் முன் இரண்டு நிமிடம் 2000 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்தேன்.

டைனோவில், அதாவது சக்கரம் உருளைகள் மேல் நின்ற இடத்திலேயே சுழலும் மேடையில், மணிக்கு 15 மைல் வேகத்திலும் 25 மைல் வேகத்திலும் ஓட்டினார்கள். கார்பன் மோனாக்சைடு கிட்டத்தட்டப் பூஜ்யம், ஹைட்ரோகார்பன் வரம்புக்கு வெகு கீழே, தேறியது. நைட்ரிக் ஆக்சைடு மட்டும் பழைய ரிப்போர்ட்டைவிட ஏறி, வரம்புக்குள்தான் என்றாலும், அதன் பக்கத்தில் வந்து நிற்கிறது. அதில் ஆச்சரியமில்லை. ரிச்சாக எரிந்தவரை சிலிண்டர் குளிர்ந்து அந்தப் பிரச்சினையை மறைத்துக்கொண்டிருந்தது. இப்போது சரியான கலவையில் சூடாக எரிகிறது. எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விட்டுச் சூட்டைக் குறைப்பது இஜிஆர் வால்வின் வேலை. இந்த வண்டியில் அதன் பாதை கரியால் சுருங்கியிருக்கும் என்று சந்தேகம். அடுத்து அதைக் கழற்றி, டயாஃப்ரத்தில் வாக்குவம் கொடுத்து, ஐட்லிங் தடுமாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.